மழை பொய்த்தது ஆகஸ்டில், கிணறு வற்றியது பிப்ரவரியில்: வறட்சி எந்த வழியாக நகர்கிறது?

ஹொரமாவு வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரின் வடகிழக்கு ஓரத்தில், காவிரிக் குழாய் நெடுங்காலம் எட்டிப் பார்க்காத பகுதியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நலச்சங்கத்தில் தண்ணீர்ப் பொறுப்பைக் கவனித்துவருகிறேன். 2023, 2024 ஆண்டுகளில் நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தபோது ஒரு கேள்வி எழுந்தது. நீரியலும் வேளாண்மையும் அறிந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

2023 ஆகஸ்ட் மாதம் இந்தியா முழுவதற்குமாகக் கணக்கிட்டால் 1901-க்குப் பிறகு மிகக் குறைவாக மழை பெய்த ஆகஸ்ட் என்று வானிலைத் துறை அறிவித்தது. பற்றாக்குறை 36 சதவீதம். மாலூர் பக்கம் இருக்கும் என் நாத்தனார் வீட்டின் மானாவாரிக் கேழ்வரகு அந்த மாதமே வாடிவிட்டது. எங்கள் குடியிருப்பிலோ அப்போது ஒரு குறையும் தெரியவில்லை. ஆழ்துளைக் கிணறு வழக்கம்போல் இறைத்தது. அது காற்றைக் கக்கத் தொடங்கியது அடுத்த பிப்ரவரியில்தான். பிறகு 2024 ஜூன் 2 அன்று நகரில் ஒரே நாளில் 111 மில்லிமீட்டர் மழை பெய்தது; ஜூன் மாதத்தில் ஒரு நாளில் இவ்வளவு மழை பெய்தது நூறாண்டுகளுக்கு மேலாக இல்லை என்றார்கள். அந்தப் பருவமழையும் நன்றாக அமைந்து, ஜூலை 30 அன்று மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டது. நாத்தனார் வீட்டு நிலம் முதல் மழையிலேயே பச்சைகட்டிவிட்டது. எங்கள் கிணற்று மட்டம் மட்டும் பழைய நிலைக்கு வரவேயில்லை.

மழைக்குறைவு ஒன்றுதான். அது மண்ணுக்கு ஒரு தேதியிலும், அணைக்கு வேறொரு தேதியிலும், கிணற்றுக்கு அரையாண்டு கழித்தும் வந்து சேருவதற்கும், திரும்பிப் போகும்போது அதே வரிசையில் மெதுவாகப் போவதற்கும் என்ன காரணம்? சங்கக் கூட்டத்தில் ஒரு சாரார் இன்னும் ஆழமாகப் புதிய கிணறு தோண்ட வேண்டும் என்கிறார்கள். அதற்கு முன்னால் இந்த நகர்வைச் சரியாகப் புரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மானாவாரி எழுதியது:

வணக்கம், சகோதரி. கர்நாடகத்தின் கிழக்கு மாவட்டங்களில் வேளாண் விரிவாக்கப் பணியில் இருந்தவன் என்ற முறையில் மண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன்; ஆற்றைப் பற்றியும் நிலத்தடியைப் பற்றியும் மற்றவர்கள் எழுதட்டும்.

மழை தரையைத் தொட்டதும் அதன் முதல் உரிமையாளர் மண்தான். வேர் பரவும் ஆழம்வரை உள்ள மண், தன்னால் பிடித்துவைக்க முடிந்த அளவு நிறைந்த பிறகே மிச்சத்தைக் கீழே விடுகிறது. அந்தக் கொள்ளளவு மண்ணுக்கு மண் பெரிதும் மாறுபடும். கோலார், மாலூர் பகுதிகளின் மணல் கலந்த செம்மண்ணில், கேழ்வரகு வேர்விடும் இரண்டடி ஆழத்துக்குள் பயிர் உறிஞ்சக்கூடிய நீர் ஏறத்தாழ 60 முதல் 70 மில்லிமீட்டர்தான் தங்கும். வளர்ந்த பயிரும் வெயிலும் சேர்ந்து நாளொன்றுக்கு நான்கைந்து மில்லிமீட்டரை எடுத்துக்கொள்ளும். இதைக் கணக்குப் போட்டால், நன்றாக நனைந்த செம்மண் நிலம்கூட மழையில்லாமல் இரண்டு வாரத்தைத் தாண்டுவது கடினம் என்பது விளங்கும். முழுவதும் தீரும்வரை பயிர் காத்திருப்பதில்லை. பாதி இருப்பு குறைந்ததுமே இலைத்துளைகளை மூடிக்கொண்டு வளர்ச்சியைக் குறைத்துவிடுகிறது. வடகர்நாடகத்தின் ஆழமான கரிசல் மண்ணோ ஒரு மீட்டர் ஆழத்தில் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். மழை நின்ற பிறகும் அந்த ஈரத்தை நம்பியே அங்கே வெள்ளைச் சோளமும் கொண்டைக்கடலையும் விளைகின்றன. ஒரே அளவு மழைக்குறைவு ஓரிடத்தில் பயிரை அழிப்பதும் இன்னோரிடத்தில் தாங்கிக்கொள்ளப்படுவதும் இதனால்தான்.

மழை நின்றால் வரவு நிற்கிறது என்பதோடு செலவும் கூடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மேகம் இல்லாத வானத்தில் வெயில் நேராக விழுகிறது, காற்று உலர்ந்துபோகிறது, அதனால் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் ஆவியாகும் நீரின் அளவு உயர்கிறது. மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஆவியாவதற்கே நீர் இல்லாமல் போய், சூரியனின் வெப்பம் முழுவதும் நிலத்தையும் காற்றையும் சூடேற்றுவதில் செலவாகிறது. அந்தச் சூடு மீண்டும் மண்ணைக் காயவைக்கிறது. இந்தச் சுழல் வேகம்பிடித்தால் சில வாரங்களுக்குள்ளேயே கடும் வறட்சி உருவாகிவிடும். 2012-ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளிகளில் மக்காச்சோளப் பயிரை அழித்தது இவ்வகை வறட்சிதான்.

உங்கள் நாத்தனார் வீட்டில் ஆகஸ்டில் நடந்ததற்கு இதுவே விளக்கம். மொத்தப் பருவமழைக் கணக்கில் 2023-ஆம் ஆண்டு, நாடு முழுவதற்கும் பார்த்தால், வழக்கமான அளவில் 94 சதவீதம் என்று முடிந்தது. அந்த எண்ணைப் படிப்பவருக்குப் பெரிய சேதம் தெரியாது. ஆனால் மழை இல்லாத வாரங்கள் தொடர்ச்சியாக, அதுவும் பயிர் வளரும் பருவத்தின் நடுவில் வந்தன. இரண்டு வார இருப்பு உள்ள மண்ணுக்குப் பருவத்தின் மொத்தக் கணக்கு உதவுவதில்லை. மத்திய அரசின் 2016 வறட்சிக் கையேடு, மொத்த மழைக்குறைவோடு நிறுத்தாமல், மூன்று நான்கு வாரம் தொடர்ந்து மழை வழக்கமான அளவில் பாதிக்கும் கீழே போவதையும் தனி அடையாளமாக எடுத்துக்கொள்ளச் சொல்வது இந்தக் காரணத்தால்தான். அதன்பிறகும் விதைப்புப் பரப்பு, செயற்கைக்கோள் காட்டும் பசுமை, மண் ஈரம், அணை இருப்பு, நிலத்தடி நீர் மட்டம் ஆகியவற்றைப் பார்த்து, வயலில் இறங்கிச் சரிபார்த்த பிறகே வறட்சியை அறிவிக்க வேண்டும் என்கிறது அந்தக் கையேடு. கர்நாடக அரசு 2023 செப்டம்பரில் முதலில் 195 வட்டங்களை வறட்சிப் பகுதியாக அறிவித்து, பிறகு 236 வட்டங்களில் 223 வரைக்கும் அதை விரிவாக்கியது. அறிவிப்பு வந்தபோது மாலூர்க் கேழ்வரகு முடிந்துபோயிருந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இருப்பு குறைவாக உள்ள மண் சீக்கிரம் வற்றுவதைப் போலவே சீக்கிரம் நிறையவும் செய்யும். இரண்டு நல்ல மழை போதும். அதனால்தான் அந்த நிலம் ஜூனிலேயே பச்சைகட்டியது.

பாலாற்றங்கரை எழுதியது:

மானாவாரி ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். நான் தங்கவயலில் பிறந்தவன். பேத்தமங்கலம் ஏரித் தண்ணீரில் வளர்ந்ததாலோ என்னவோ, நீரியலைப் படிப்பாகவும் எடுத்துக்கொண்டேன்.

மண் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு எஞ்சுவதுதான் ஆற்றுக்கும் நிலத்தடிக்கும் போகிறது. ஆற்றின் துயரம் இந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது. எடுத்துக்காட்டாக ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் 750 ஆவியாகவும் பயிர்மூச்சாகவும் (இலைகள் வழியாக வெளியேறும் நீர்) மேலே போய், 150 மட்டுமே ஓட்டமாகவும் ஊறலாகவும் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். மழை பத்து சதவீதம் குறைந்தால் 90 மில்லிமீட்டர் போயிற்று. செடியும் மண்ணும் தம் பங்கை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. அவை 30 குறைத்துக்கொண்டால்கூட ஓட்டத்துக்கு 90-தான் மிஞ்சும். மழையில் பத்து சதவீதக் குறைவு, ஆற்றில் நாற்பது சதவீதக் குறைவாக வந்து நிற்கிறது. உலகின் பல வறண்ட, பாதி வறண்ட ஆற்றுப்படுகைகளில் மழைக்குறைவு ஆற்றில் இரண்டு மூன்று மடங்காகப் பெருகித் தெரிவதற்கு இந்தக் கணக்குதான் அடிப்படை.

இனித் தாமதம். மழை நின்ற மறுநாளே ஆறு நின்றுவிடுவதில்லை. மழைநாளில் ஓடும் வெள்ளம் மேற்பரப்பு நீர். டிசம்பரிலும் ஜனவரியிலும் ஓடுவது மலையின் மண்ணிலும் பாறை இடுக்குகளிலும் தேங்கி, சிறிது சிறிதாகக் கசிந்து வரும் நீர். குடகிலும் வயநாட்டிலும் உள்ள ஆழமான மலைமண் ஜூலை மழையைக் குடித்து, மாதக்கணக்கில் காவிரிக்கும் கபினிக்கும் விடுகிறது. ஆகஸ்டில் அந்த மலைமண் நிறையவில்லையென்றால் உடனே தெரியாது. ஜனவரி ஓட்டத்தில்தான் தெரியும். சிற்றோடைகள் முதலில் நிற்கும், பிறகு துணையாறுகள், கடைசியில் பேராறு.

அதற்குமேல் அணை ஒரு தாமதத்தைச் சேர்க்கிறது. கிருஷ்ணராஜ சாகரத்தின் முழுக் கொள்ளளவு 49.45 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). அது ஆகஸ்டில் எவ்வளவு நிறைகிறது என்பதுதான் அடுத்த மார்ச்சில் மண்டியாவுக்கும் மைசூருக்கும் பெங்களூருக்கும் என்ன கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. கீழே தமிழ்நாட்டுக்கு இந்தத் தாமதம் கிடைக்கவில்லை. 2023 ஜூன் 12 அன்று வழக்கப்படி திறந்த மேட்டூர், வரத்து இல்லாமல் அக்டோபரில் 30 அடி அளவுக்கு இறங்கி, பாசனத்துக்கு மூடப்பட்டது; டெல்டாவில் குறுவை காய்ந்தது. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் இரு மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. என்று பங்கை வரையறுத்தது, ஆனால் அது வழக்கமான மழை பெய்யும் ஆண்டுக்கான எண். பற்றாக்குறை ஆண்டில் எதை எப்படிப் பகிர்வது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் இரு மாநிலங்களும் மோதுகின்றன. அந்த மோதலின் நடுவில் இந்த நகரத்தில் வாழும் நமக்கு, மலையில் மழை குறைந்த செய்தி முதலில் அரசியலாகவும், பல மாதம் கழித்தே தண்ணீராகவும் வந்து சேர்கிறது.

இந்த நகர்வில் எனக்கு முக்கியமாகப் படுவது, வறட்சியின் வடிவமே வழியில் மாறிவிடுகிறது என்பது. மழையின் அளவில் பார்த்தால் ஓராண்டில் நான்கைந்து சிறு வறட்சிகள் வந்து போகும். மண்ணில் அவை இரண்டாகக் குறையும். சிறியவை கரைந்துவிடும், நெருங்கியவை ஒன்றாகிவிடும். நிலத்தடி நீரில் அவை அனைத்தும் சேர்ந்து ஒரே நீண்ட சரிவாகத் தெரியும். இடையில் பெய்யும் ஒரு நல்ல மழை பயிரைக் காப்பாற்றலாம், ஆனால் கிணற்றின் சரிவை அது நிறுத்துவதில்லை. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993-இல் வகுத்த தரப்படுத்திய மழைக் குறியீட்டை (மழை வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டும் எண்) ஒரே மழைத்தரவிலிருந்து மூன்று மாதத்துக்கும், பன்னிரண்டு மாதத்துக்கும், இருபத்துநான்கு மாதத்துக்கும் தனித்தனியாகக் கணக்கிடுவது இதற்காகத்தான். மூன்று மாதக் குறியீடு மண்ணின் நிலைக்கு நெருக்கமானது. ஓராண்டு, ஈராண்டுக் குறியீடுகள் அணைக்கும் நிலத்தடிக்கும் நெருக்கமானவை. 2024 ஜூலையில் மூன்று மாதக் குறியீட்டைப் பார்த்தவர் வறட்சி முடிந்தது என்பார்; ஈராண்டுக் குறியீட்டைப் பார்த்தவர் இன்னும் இல்லை என்பார். இருவர் சொல்வதும் சரிதான்.

ஈஜிபுரா செல்வம் எழுதியது:

பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். இவ்வளவையும் மழையின் கணக்காகவே சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. 2024 மார்ச்சில் நகரின் ஏறக்குறைய 14,000 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டன என்று துணை முதலமைச்சரே கூறினார். அதே நேரத்தில் நகரின் மையப்பகுதிகளுக்குக் காவிரி நீர் வந்துகொண்டுதான் இருந்தது. தவித்தவர்கள் ஓரப்பகுதிகளில் டேங்கரை நம்பி வாழ்ந்தவர்களும், குடிசைப்பகுதிகளில் பொதுக்குழாயை நம்பியவர்களும்தான். ஏரிகளை மூடிக் கட்டிடம் கட்டினோம், மழை இறங்க ஓர் அடி மண்ணை விட்டுவைக்கவில்லை, இருந்த நீரைக் கணக்கில்லாமல் உறிஞ்சினோம். 2023-இல் மழை முழுமையாகப் பெய்திருந்தாலும் இந்தக் கிணறுகள் இன்னும் சில ஆண்டுகளில் வற்றியே இருக்கும். இதை வறட்சி என்ற பெயரில் இயற்கையின் தலையில் ஏற்றிவிட்டால், பொறுப்புள்ளவர்கள் எல்லோரும் தப்பித்துக்கொள்வார்கள்.

பாலாற்றங்கரை எழுதியது:

செல்வம் தம்பி, நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி உண்மை, அதை மறைத்துப் பேசுவது என் நோக்கம் அன்று. வறட்சி நகரும் பாதையில் மனிதர்கள் எங்கே நின்று அதை மாற்றுகிறார்கள் என்பதற்கு நம் கண்முன் இருக்கும் சான்று அர்க்காவதி ஆறுதான்.

நந்தி மலையருகே தோன்றி, நகரின் வடக்கிலும் மேற்கிலும் இறங்கிக் காவிரியில் சேரும் ஆறு அது. பெங்களூருக்கு முதன்முதலில் குழாய்வழிக் குடிநீர் வந்தது இந்த ஆற்றின்மேல் உள்ள ஹெசரகட்டாவிலிருந்து, 1890-களில். பிறகு 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் வந்தது. 1980-களிலிருந்து அந்தத் தேக்கத்துக்கு வரும் நீர் தொடர்ந்து குறைந்தது. இந்த நகரில் உள்ள அசோகா சூழலியல் ஆய்வு அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் அந்த ஆறு ஏன் வற்றுகிறது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, சாத்தியமான காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, 2015-இல் வெளியிட்டார்கள். மழை குறைந்ததாகத் தரவு காட்டவில்லை. வெப்பம் கூடியதும் இவ்வளவு பெரிய குறைவை விளக்கப் போதவில்லை. நிலத்தடி நீரை உறிஞ்சியதும், தைல மரத் தோப்புகள் பரவியதும்தான் வலுவான காரணங்களாக நின்றன. நிலத்தடி மட்டம் ஓடையின் அடித்தளத்துக்கு மேலே இருந்தவரை நிலம் ஆற்றுக்கு ஊட்டியது. அது கீழே இறங்கியதும் ஆற்றில் விழும் நீரை நிலம் உறிஞ்சத் தொடங்கியது. தைல மரத்தின் வேர் ஆழமானது. புல்லும் கேழ்வரகும் தொடாத ஈரத்தையும் அது எடுத்துவிடும். கர்நாடக அரசு 2017-இல் புதிதாகத் தைல மரம் நடுவதைத் தடைசெய்தது. பழைய தோப்புகள் நிறைய இன்னும் நிற்கின்றன.

ஆக, மழை குறையாமலேயே ஆற்றில் வறட்சி உண்டாகலாம். மழையும் குறைந்தால், ஏற்கெனவே இறங்கியிருக்கும் நிலத்தடி மட்டம் அந்தக் குறைவைத் தாங்கிக்கொள்ளும் இருப்பை இழந்திருப்பதால், அடி நேராக விழுகிறது. உங்கள் கருத்தும் என் கருத்தும் இந்த இடத்தில் சந்திக்கின்றன.

இதற்கு நேரெதிரான காட்சியும் நம் நகரில் உண்டு. பெங்களூர் ஒரு மேட்டின் முதுகில் அமைந்த ஊர். மேற்கே விழும் நீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கும், கிழக்கே விழும் நீர் பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணைக்கும் போகின்றன. கடும் கோடையிலும் ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணைக்குத் தண்ணீர் வந்துகொண்டிருப்பதைப் பார்த்து ஆறு உயிரோடிருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. அது பெரும்பாலும் நம் வீடுகளின் கழிவுநீர். காவிரியிலிருந்து நூறு கிலோமீட்டர் குழாயில் வந்து, அரை கிலோமீட்டர் உயரம் ஏற்றப்பட்டு, நாம் பயன்படுத்திய பின் வேறோர் ஆற்றில் இறங்கும் நீர். மழை நின்ற ஆற்றில் நீர் ஓடும், ஆனால் குடிக்கவும் கழனிக்கு விடவும் தகுதியற்று, நுரை பொங்க ஓடும். வறட்சியின் அடையாளத்தை ஓட்டத்தின் அளவில் மட்டும் தேடினால் இதைத் தவறவிடுவோம். 2018 முதல் இக்கழிவுநீரின் ஒரு பகுதியை இரண்டு கட்டம் சுத்திகரித்து, கோரமங்கலா-சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தின் வழியாகக் கோலார் மாவட்ட ஏரிகளில் நிரப்புகிறார்கள். என் ஊர்ப் பக்கம் பல ஆண்டுகளாகக் காய்ந்து கிடந்த ஏரிகளில் நீர் நிற்பதைப் பார்க்க மனம் நிறைகிறது. மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பு இல்லாமல் அந்த நீர் கிணறுகளில் இறங்குவதைப் பற்றிய கவலையும் கூடவே இருக்கிறது.

ஹொரமாவு வாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. மண்ணும் ஆறும் தெளிவாயின. என் கிணறுதான் இன்னும் பாக்கி. எங்கள் பகுதிக்கு மேட்டூரும் கிருஷ்ணராஜ சாகரமும் நிறைந்ததால் நேரடிப் பயன் எதுவும் இல்லை. 2024 அக்டோபரில் தொடங்கிய காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டத்தின் இணைப்பு வந்தாலும், அது எங்கள் தேவை முழுவதற்கும் போதாது. 2024-இல் நகரத்தில் பெய்த மழை எங்கே போயிற்று? கிணறு திரும்ப எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும், அல்லது ஆழப்படுத்துவதுதான் வழியா?

அல்சூர் நிலவியல் எழுதியது:

சகோதரி, உங்கள் கேள்விக்கு விடை லால்பாக் தோட்டத்துப் பாறையில் இருக்கிறது. ஏறத்தாழ 300 கோடி ஆண்டு வயதுடைய அந்தத் தீபகற்பப் பட்டைப்பாறைதான் இந்த நகரம் முழுவதற்கும் அடியில் கிடக்கிறது. கங்கைச் சமவெளியில் நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்கு மணலும் வண்டலும் நீரைத் தாங்கி நிற்கின்றன. இங்கே அது இல்லை. மேலே சிதைந்து இளகிய பாறைமண் ஓர் அடுக்கு, அதற்குக் கீழே உறுதியான பாறை, அதில் ஆங்காங்கே வெடிப்புகள். நீர் இருக்க இடம் இவ்வளவுதான்.

சிதைந்த அடுக்கில்கூட, வடித்தெடுக்கக்கூடிய நீர் அதன் கன அளவில் இரண்டு சதவீதம் போலத்தான். இதன் பொருள், 20 மில்லிமீட்டர் நீர் உள்ளே இறங்கினால் மட்டம் ஒரு மீட்டர் உயரும். 20 மில்லிமீட்டர் எடுத்தால் ஒரு மீட்டர் இறங்கும். பெங்களூரின் ஆண்டு மழை 970 மில்லிமீட்டர் அளவு. இவ்வகைப் பாறை நிலத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு ஊறும் என்று கொண்டால், யாரும் இறைக்காத திறந்த நிலத்தில் நல்ல ஆண்டொன்றில் மட்டம் ஐந்து மீட்டர் ஏறலாம். கான்கிரீட்டும் தாரும் மூடிய வார்டில் ஊறல் அதில் ஒரு சிறு பகுதியாகிவிடும். 2024 ஜூன் 2-இல் பெய்த 111 மில்லிமீட்டரில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் ராஜகால்வாய் (நகரின் பெரிய மழைநீர் வடிகால்) வழியாகப் பள்ளத்தாக்குக்குப் போய்விட்டது. வேகமாகப் பெய்யும் மழை, மூடிய தரையில், ஊறலுக்கு ஏறக்குறைய பயனற்றது.

அடுத்து, உங்கள் கிணறு எந்த அடுக்கிலிருந்து இறைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஆயிரம் அடி ஆழக் கிணறு ஆழமான வெடிப்புகளிலிருந்து எடுக்கிறது. அந்த வெடிப்புகளின் கொள்ளளவு சிதைந்த அடுக்கைவிட மிகச் சிறியது. அவற்றுக்கு நீர் மேலிருந்துதான், சிதைந்த அடுக்கு நிறைந்த பிறகு, மெல்லக் கசிந்து வர வேண்டும். பழைய பேட்டைகளில் திறந்த கிணறுகள் எப்போதோ வற்றிப்போனதை நினைத்துப் பாருங்கள்; மேலடுக்கு காலியாகி நெடுங்காலம் ஆகிறது. ஆகவே உங்கள் கிணறு 2023 ஆகஸ்டில் இறைத்த நீர் அந்த ஆண்டு மழையைச் சார்ந்ததே அன்று, பல ஆண்டு இருப்பின் மிச்சம். 2023 மழைக்குறைவும், அதைத் தொடர்ந்து கர்நாடகத்தின் உட்பகுதியில் வடகிழக்குப் பருவமழை சரியாகப் பெய்யாததும் ஊறலை நிறுத்தின, ஏரிகள் வற்றின, குழாய் நீர் இல்லாதவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் அதிகமாக இறைத்தார்கள். இந்த மூன்றும் சேர்ந்து பிப்ரவரியில் மட்டத்தை உங்கள் மோட்டார் இருந்த ஆழத்துக்குக் கீழே தள்ளின. செல்வம் சொன்ன உறிஞ்சலும் மானாவாரி சொன்ன மழைக்குறைவும் இங்கே தனித்தனியாக இல்லை.

காத்திருந்தால் வருமா என்பதற்கு, இறைப்பு இதே அளவில் நீடித்தால் வராது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நல்ல மழைக்காலத்தால் நிறையும் இருப்பு அது இல்லை. நிலம் ஒரு நீண்ட வறட்சிக்குப் பிறகு பழைய குணத்துக்கே திரும்பாமல் போவதும் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1997 முதல் 2009 வரை நீடித்த வறட்சி முடிந்து ஏழாண்டுகளான பின்பும், ஆராயப்பட்ட நீர்ப்பிடிப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அதே மழைக்கு முன்பு தந்த ஓட்டத்தைத் தரவில்லை என்று 2021-இல் வெளியான ஆய்வு கண்டது.

ஆழப்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கீழே போகப் போக வெடிப்புகள் குறைகின்றன, கிடைக்கும் நீரில் புளோரைடு போன்றவை கூடும் வாய்ப்பு உண்டு, ஓராண்டுக்குள் அதுவும் வற்றலாம், பக்கத்துக் குடியிருப்பின் கிணறும் சேர்ந்து இறங்கும். அந்தப் பணத்தைக் கொண்டு கூரைநீரை வடிகட்டி, 20 முதல் 30 அடி ஆழமுள்ள ஊறல் கிணறுகளில் இறக்குங்கள். 2009-இலிருந்து இந்நகரில் மழைநீர்ச் சேகரிப்பு சட்டப்படி கட்டாயம். பெயருக்குக் குழாய் வைத்து விட்டுவிட்ட இடங்கள்தான் அதிகம். கிணறு வெட்டுவதற்கு மண்ணு வட்டர் சமூகத்தைச் சேர்ந்த கைத்தொழிலாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த ஆழத்தில் மண் இளகியிருக்கிறது, எங்கே பாறை தட்டும் என்பதைத் தோண்டும்போதே சொல்லக்கூடியவர்கள். வாகனம் நிற்கும் இடத்து நீரை மட்டும் நேரடியாக உள்ளே விடாதீர்கள், எண்ணெய் கலந்திருக்கும்.

மானாவாரி எழுதியது:

அல்சூர் நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உங்கள் கிணற்று மட்டத்தை அளந்து எழுதிவையுங்கள், சகோதரி. இறைப்பை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, விடியற்காலையில், அளவுக் கம்பி இறக்கிப் பார்த்தால் போதும். மே மாத இறுதியில் ஒரு முறையும் நவம்பர் இறுதியில் ஒரு முறையும் அளப்பது குறைந்தபட்சம். மாதந்தோறும் முடிந்தால் நல்லது. மேக்கும் நவம்பருக்கும் இடையிலான ஏற்றம் அந்த ஆண்டு மழை உங்களுக்கு உண்மையில் எவ்வளவு ஊறியது என்பதைச் சொல்லும். அந்த ஏற்றத்தைவிட நவம்பருக்குப் பிந்தைய இறக்கம் அதிகமாக இருந்தால், பிப்ரவரி வரை காத்திராமல் டிசம்பரிலேயே இறைப்பைக் குறைத்து, டேங்கருக்கும் மறுபயன்பாட்டுக்கும் ஏற்பாடு செய்துவிடலாம்.

ஹொரமாவு வாசி எழுதியது:

புதிய கிணற்றுக்கான தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் ஒத்திவைக்கக் கேட்கப்போகிறேன். இந்த இழையை அச்செடுத்து உறுப்பினர்களுக்குக் கொடுக்க உங்கள் அனுமதி வேண்டும். மட்டம் அளக்கும் கம்பி எந்தக் கடையில் கிடைக்கும் என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

அல்சூர் நிலவியல் எழுதியது:

தாராளமாகக் கொடுங்கள். எஸ்.பி. சாலையில் மோட்டார், பம்பு விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் மீட்டர் குறியிட்ட நைலான் கயிற்றின் நுனியில் எடை கட்டி, இரண்டு மின்கம்பி முனைகளை அதோடு இறக்கி, மேலே ஒரு பேட்டரியும் சிறு விளக்கும் இணைத்துவிடலாம். முனைகள் நீரைத் தொட்டதும் சுற்று மூடி விளக்கு எரியும். மோட்டாரின் மின் இணைப்பைத் துண்டித்த பிறகே இறக்க வேண்டும். கிணற்றின் மூடி திறந்த இடத்திலிருந்து தரைவரை உள்ள உயரத்தைக் கழித்து எழுதுங்கள், ஒவ்வொரு முறையும் அதே இடத்திலிருந்து அளவெடுங்கள்.